எந்த உப்பு குறைந்தது?

மருந்துகளால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். இரத்த அழுத்தத்திற்காக மூன்று வாரங்களுக்கு முன் அவருக்குப் புதிதாக ஒரு நீர் மாத்திரை தொடங்கப்பட்டிருந்தது. அழுத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ இயலவில்லை. இடையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் வந்து போயிற்று. வீட்டருகே இரத்தம் சோதித்தார்கள். "உப்பு குறைந்திருக்கிறது" என்று மகனுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. குடும்பத்தார் அன்றே முனைந்தார்கள். கஞ்சியில் உப்பைக் கூட்டினார்கள். மோரில் உப்பைக் கூட்டினார்கள். தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வைத்தார்கள். மூன்றாம் நாள் படபடப்போடு அவரை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். அவருடைய சோடியம், அதாவது சமையல் உப்பில் உள்ள சத்து, சரியான அளவிலேயே இருந்தது. குறைந்திருந்தது பொட்டாசியம்: லிட்டருக்கு 2.7 மில்லிமோல்.

இந்த அம்மையார் ஒரு தனி மனிதர் அல்லர். நாங்கள் மீண்டும் மீண்டும் காணும் பலருடைய அனுபவங்களைச் சேர்த்துச் சொன்ன சித்திரம். இதில் எவரும் தீங்கு நினைக்கவில்லை. மாத்திரை தேவையானது, குடும்பத்தாரின் அக்கறையும் உண்மையானது. எனினும் ஒரு சொல் தெளிவாக இல்லாமற்போனதால், அன்போடு ஊட்டப்பட்ட உப்பே குறைவை மேலும் கூட்டியது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல், மூன்று பொருள்

நம் பேச்சு வழக்கில் "உப்பு" என்னும் சொல் மூன்று வேறு செய்திகளைக் குறிக்கிறது. "உப்பு குறைந்துவிட்டது" என்றால் பெரும்பாலும் சோடியம் குறைவு. "சிறுநீரகத்தில் உப்பு கூடிவிட்டது" என்றால் யூரியா, கிரியாட்டினின் ஆகிய கழிவுகள் மிகுந்துள்ளன என்று பொருள். பொட்டாசியம் குறைந்தாலும் அதே "உப்பு" என்றே சொல்லிவிடுகிறோம். இம்மூன்றுக்கும் மருத்துவம் வெவ்வேறு. ஒன்றுக்கு நன்மை செய்வது மற்றொன்றுக்குத் தீமை செய்யலாம்.

ஆகவே யாரேனும் "உப்பு குறைவு" என்று சொன்னால், "எந்த உப்பு? சோடியமா, பொட்டாசியமா? அளவு எவ்வளவு?" என்று தயங்காமல் கேளுங்கள். விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் உடலில் என்ன செய்கிறது?

நம் உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சிய 2 சதவீதமே வெளியே, இரத்தத்திலும் பிற நீர்மங்களிலும் உள்ளது. சோடியத்தின் நிலை இதற்கு நேர்மாறு. அது பெரும்பாலும் உயிரணுவுக்கு வெளியே இருக்கும். இந்த ஏற்பாட்டைக் காப்பது ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் இடைவிடாது இயங்கும் ஒரு நுண்ணிய பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் வேலை. டென்மார்க் நாட்டு அறிவியலாளர் யென்ஸ் ஸ்கூ 1957ஆம் ஆண்டில் இதை வெளிப்படுத்தினார். அதற்காக 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

உள்ளும் புறமும் உள்ள இந்த வேறுபாட்டினால்தான் நரம்பு செய்தி அனுப்புகிறது, தசை சுருங்குகிறது, இதயம் தாளம் தவறாமல் துடிக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை. சில சோதனைக் கூடங்கள் இதையே மில்லி ஈக்குவலன்ட் என்று குறிக்கும். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை இரண்டின் எண்ணும் ஒன்றே. 3.5க்குக் கீழ் சென்றால் குறைவு. 2.5க்குக் கீழ் சென்றால் அது கடுமையான குறைவு. உடனடியாக மருத்துவமனையில் கவனிக்க வேண்டிய நிலை. இதய நோயாளிகளுக்கு 4.0க்குக் குறையாமல் வைத்திருக்கவே மருத்துவர்கள் பொதுவாக விரும்புவர்.

மருந்துகள் அதை எவ்வாறு குறைக்கின்றன?

வழிகள் மூன்று: சிறுநீரில் வெளியேறுதல், குடல் வழியே வெளியேறுதல், உயிரணுவுக்குள் சென்று ஒளிந்துகொள்ளுதல்.

முதல் வழி சிறுநீர். இதில் முதலிடம் பெறுபவை நீர் மாத்திரைகளே. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டாபமைடு ஆகியவையும், கால் வீக்கம், இதயத் தளர்ச்சி ஆகியவற்றுக்குத் தரப்படும் பியூரோசமைடு, டோர்சமைடு ஆகியவையும் இவ்வகையைச் சார்ந்தவை. இவை சிறுநீரகக் குழாய்களில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. தடுக்கப்பட்ட சோடியம் குழாயின் கடைசிப் பகுதியை வந்தடைகிறது. அங்கே உடல் சோடியத்தை மீட்டுக்கொள்ளும்போது அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. எனவே கடைசிப் பகுதிக்கு எவ்வளவு சோடியம் வருகிறதோ, அவ்வளவு பொட்டாசியம் இழப்பாகும்.

அந்த அம்மையாரின் வீட்டில் நிகழ்ந்தது இதுதான். நீர் மாத்திரை உட்கொள்பவர் உப்பை மிகுதியாகச் சேர்த்தால், இரத்த அழுத்தம் உயர்வது மட்டுமன்று. பொட்டாசியமும் கூடுதலாகக் கரைந்து போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலங்களில் வரும் நொறுக்குத் தீனி ஆகியவற்றைக் குறைப்பது பொட்டாசியத்தைக் காக்கும் எளிய வழிகளுள் ஒன்று.

பிரெட்னிசலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைக் கூடுதல் அளவில் நெடுநாள் உட்கொண்டாலும் சிறுநீரில் பொட்டாசியம் இழப்பு ஏற்படலாம். பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் ஆம்போடெரிசின் பி சிறுநீரகக் குழாய்களின் சுவரைக் கசியச் செய்வதால் இழப்பு மிகுதியாக இருக்கும். 2021ஆம் ஆண்டில் கருப்புப் பூஞ்சை நோய்க்காக அம்மருந்தைப் பெற்றவர்களுக்கு அடிக்கடி இரத்தம் எடுக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்டு மருந்துதானே என்று நாம் கருதும் அதிமதுரமும் இப்பட்டியலில் உண்டு. அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள், உடலில் இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசாலைச் சிறுநீரகத்தில் அளவுக்கு மீறிச் செயற்பட வைக்கிறது. விளைவாகச் சோடியமும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. இருமலுக்கு ஓரிரு நாள் சிறிதளவு சுவைப்பது வேறு. நாள்தோறும் கஷாயமாகப் பல வாரங்கள் அருந்துவது வேறு. நீர் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

இரண்டாம் வழி குடல். மலச்சிக்கலுக்கான பேதி மருந்துகளைப் பழக்கமாக உட்கொள்பவர்களுக்கும், குடல் பரிசோதனைக்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தை அருந்துபவர்களுக்கும் பொட்டாசியம் குறையலாம். வயிற்றுப்போக்கு எக்காரணத்தால் வந்தாலும் இதே இழப்பு உண்டு.

மூன்றாம் வழி ஒளிந்துகொள்ளுதல். இங்கே பொட்டாசியம் உடலை விட்டு வெளியேறுவதில்லை. முன்னர்க் கூறிய பம்பு வேகமாக இயங்கி, இரத்தத்தில் உள்ளதை உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்கிறது. மூச்சிரைப்புக்கு நெபுலைசரில் தரப்படும் சால்பியூட்டமால் இவ்வாறு சில மணி நேரத்திற்கு அளவைக் குறைக்கும். தியோபிலின் வகை மருந்துகளும் அவ்வாறே. இன்சுலினும் பொட்டாசியத்தை உள்ளே செலுத்துகிறது; வீட்டில் வழக்கமான அளவில் போட்டுக்கொள்பவர்கள் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. சர்க்கரை மிக உயர்ந்து மருத்துவமனையில் சிரை வழியாக இன்சுலின் செலுத்தப்படும்போதுதான் சில மணி நேரத்திற்கு ஒருமுறை பொட்டாசியத்தைச் சோதிக்கிறோம்.

இவற்றோடு மக்னீசியத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். மக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் திறனை இழக்கிறது. எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் அளவு உயர்வதில்லை. நீர் மாத்திரைகளும், ஒமெப்ரசோல், பான்டபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதும் மக்னீசியத்தைக் குறைக்கலாம். "வயிற்றுக்குப் பாதுகாப்பாக" என்று எண்ணி மருத்துவரைக் கேட்காமல் தொடரும் மாத்திரைகளை ஒருமுறை அவரிடம் காட்டுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது?

சிறிய குறைவு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இதனாலேயே இரத்தப் பரிசோதனையைத் தவற விடக் கூடாது என்று வலியுறுத்துகிறோம். குறைவு கூடும்போது தசைப்பிடிப்பு, தொடைகளிலும் கால்களிலும் தளர்ச்சி, காரணமற்ற சோர்வு, மலச்சிக்கல், வயிற்று உப்புசம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றும். சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரையும் சற்று உயரக்கூடும். இன்சுலின் சுரப்பதற்கும் பொட்டாசியம் வேண்டும் என்பதே காரணம். "வயதாகிவிட்டது, அதனால்தான் தளர்ச்சி" என்று முதியோரின் சொல்லைக் கடந்து சென்றுவிடாதீர்கள்.

கை கால்களை அசைக்க இயலாமை, மூச்சுத் திணறல், மயக்கம், இதயம் தாறுமாறாகத் துடிப்பதாக உணர்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். கையில் எல்லா மருந்துச் சீட்டுகளும் இருக்கட்டும்.

சிலருக்குச் சிறிய குறைவே பெரிய ஆபத்தாகலாம். டிகாக்சின் உட்கொள்ளும் இதய நோயாளிகள் இதில் முதன்மையானவர்கள். டிகாக்சின் அதே பம்பைப் பற்றிக்கொண்டே செயற்படுகிறது; பொட்டாசியம் குறைந்தால் அதன் பிடி இறுகி, மருந்தே நஞ்சாகக்கூடும். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடிய அசித்ரோமைசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், வாந்திக்கான ஆன்டான்செட்ரான் போன்றவற்றைப் பெறும்போதும், "நான் நீர் மாத்திரை உட்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

பரிசோதனை எப்போது?

நீர் மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை. தொடங்கிய பின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மறுமுறை. தயசைடு வகை மாத்திரைகளால் ஏற்படும் குறைவு பெரும்பாலும் இந்தத் தொடக்க வாரங்களிலேயே தெரிந்துவிடும். மருந்தின் அளவை மாற்றினாலும், வேறு மருந்து சேர்ந்தாலும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ நீடித்தாலும் மீண்டும் சோதிக்க வேண்டும். அதன்பின் எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

சிகிச்சை எவ்வாறு?

குறைவு மிதமாக இருந்தால் வாய்வழி மருந்தே போதும். பொட்டாசியம் குளோரைடு திரவ மருந்தின் சுவை பலருக்குப் பிடிப்பதில்லை. நீர் கலக்காமல் அருந்தினால் வயிற்றையும் புண்படுத்தும். பரவலாகத் தரப்படும் 10 சதவீதக் கரைசலில் 15 மில்லிலிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. சமையலறைக் கரண்டியால் அளக்காமல், மருந்தோடு வரும் அளவு மூடியால் அளந்து, ஒரு குவளை நீரில் கலந்து, உணவுக்குப் பின் மெதுவாக அருந்த வேண்டும். மாத்திரையாகத் தந்தால் அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. நிறைய நீருடன் முழுதாக விழுங்கி, சிறிது நேரம் படுக்காமல் இருக்க வேண்டும்.

குறைவு கடுமையாக இருந்தால் சிரை வழியாகச் செலுத்துகிறோம். கை நரம்பில் பொதுவாக மணிக்கு 10 மில்லிமோலுக்கு மிகாமல்தான் செலுத்துவோம். 40 மில்லிமோல் ஏறுவதற்கு நான்கு மணி நேரம் ஆகும். "ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது?" என்று உறவினர்கள் கவலையோடு கேட்பதுண்டு. வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும் என்பதே விடை. எனவே சொட்டு வேகத்தைக் கூட்டும் உருளையை நீங்கள் ஒருபோதும் தொடாதீர்கள். ஊசி குத்திய இடத்தில் எரிச்சல் இருந்தால் செவிலியரை அழையுங்கள்.

"சோர்வாக இருக்கிறார், ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்ற வேண்டுகோளையும் அடிக்கடி கேட்கிறோம். பொட்டாசியம் குறைந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் உடல் இன்சுலினைச் சுரக்கும். அது எஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பொட்டாசியத்தைக் குளுக்கோஸ் நீரில் கலக்காமல் உப்புநீர்க் கரைசலில் கலந்து தருகிறோம்.

மூல காரணத்தையும் சரிசெய்ய வேண்டும். நீர் மாத்திரையின் அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது, பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் அல்லது அமிலோரைடு சேர்ப்பது ஆகியவை மருத்துவர் மேற்கொள்ளும் வழிகள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீர் மாத்திரை பக்கவாதத்தையும் இதயத் தளர்ச்சியையும் தடுத்து நிற்கும் மருந்து. திடீரென நிறுத்தினால் அழுத்தம் ஏறலாம், நெஞ்சில் நீர் கோக்கலாம்.

வாழைப்பழம் போதாதா?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம், அதாவது 10 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. இரத்த அளவு 4.0இலிருந்து 3.0ஆகக் குறைந்தால், உடல் முழுவதுமாக 200 முதல் 400 மில்லிமோல் வரை இழந்திருக்கக்கூடும். கணக்குப்படி அது இருபது முதல் நாற்பது பழங்கள். ஆகவே உணவு குறைவு வராமல் காக்க உதவும்; வந்துவிட்ட குறைவை உணவால் மட்டும் நிரப்புவது அரிது.

காப்பதற்கு உணவு நல்ல துணை. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் பெற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கீரை, பருப்பு, பயறு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், சாத்துக்குடி, இளநீர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் அதை நெருங்கலாம். வயிற்றுப்போக்கின்போது உப்புக் கஞ்சியை மட்டும் நம்பாமல், ஓஆர்எஸ் பொடியை உறையில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்து அருந்துவது மேல். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்ததில் லிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியமும் உண்டு. இதயத் தளர்ச்சிக்காக நீர் அளவைக் கட்டுப்படுத்தியவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே அருந்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்களுக்கும், எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் ஆகியவற்றை உட்கொள்பவர்களுக்கும் பொட்டாசியம் கூடிவிடும் வாய்ப்பு உண்டு. மிகுதியும் குறைவைப் போலவே உயிருக்கு ஆபத்தானது. கடைகளில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒருவருக்குத் தந்த பொட்டாசிய மருந்தை வீட்டில் மற்றொருவர் அருந்துவதும் கூடாது.

அடுத்த முறை வரும்போது

உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள்: மாத்திரைகள், இன்ஹேலர், பேதி மருந்து, சூரணம், கஷாயப் பொடி எதுவும் விடுபட வேண்டாம். பிறகு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுள் எது பொட்டாசியத்தைக் குறைக்கும், எது கூட்டும்? என்னுடைய கடைசி அளவு என்ன? அடுத்த பரிசோதனை எப்போது? வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் நீர் மாத்திரையைத் தொடரலாமா, யாரை அழைத்துக் கேட்க வேண்டும்?

தொடக்கத்தில் கூறிய அம்மையாரைப் போன்றவர்கள் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். இழந்த பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் ஈடுசெய்து, மாத்திரையைச் சீராக்கி, உப்பைக் குறைத்தால் சில நாள்களில் கால்களில் வலு திரும்புகிறது. தரையிலிருந்து கையூன்றாமல் எழுகிறார்கள். அவர்களுடைய மருந்துச் சீட்டின் மேல் ஓரத்தில் ஒரு வரியை எழுதி அனுப்புகிறோம்: "குறைந்தது பொட்டாசியம், சமையல் உப்பு அன்று." உங்கள் வீட்டிலும் "உப்பு குறைவு" என்னும் சொல் வந்தால், உப்பு ஜாடியைத் திறக்கும் முன் அது எந்த உப்பு என்று எங்களைக் கேளுங்கள்.